காதில் சொல்லாத பாங்கு

அந்த ஒரு வரியை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் என்னைப் பற்றி நல்லதாக எதையாவது நினைத்துவிட்டுப் பிறகு நீங்கள் ஏமாற வேண்டாம்.

என் பெயர் நூருல்லா கதீபி. தெஹ்ரானுக்கு வெகு தொலைவில், தெற்குக் கொரசானில் குங்குமப்பூ விளையும் ஸர்தாப் என்கிற சிறிய ஊரில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தேன். என் கையெழுத்து அழகு. கல்யாணப் பத்திரிகைக்கும் கல்லறைக் கல்லுக்கும் என்னைத் தேடி வருவார்கள். பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுகிறவன், புறம் பேசாதவன் என்றும் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஓய்வு பெற்ற மறுவருடமே தேர்தல் மேற்பார்வைக் குழு என்னைக் கூப்பிட்டு அக்கம்பக்க விசாரணை வேலையைக் கொடுத்தது. பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் குடியரசு எப்படி நடக்கிறது என்று எனக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. என் மனைவி அக்தஸ் ஒரு தடவை ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டே சொன்னதைச் சொல்கிறேன். "மாவை யார் வேணா கொண்டு வரலாம். ரொட்டியை யார் வேணா திங்கலாம். சல்லடை மட்டும் ஹாஜி ஆகா கையில." அவ்வளவுதான் விஷயம். மஜ்லிஸுக்கு, அதாவது பாராளுமன்றத்துக்கு, நிற்க யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். நடுவில் எங்கள் குழுத் தலைவர் ஹாஜி ஆகா மாதிரி மார்க்கம் படித்தவர்கள் உட்கார்ந்து, மனுப் போட்டவர்களில் யாருக்கு ஈமான், அந்த இறைநம்பிக்கை, இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சலிப்பார்கள். சலிப்பவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. அந்தச் சல்லடையில் நானும் ஒரு கண்.

என் வேலை இதுதான். மனுப் போட்டவரின் தெருவுக்குப் போக வேண்டும். ரொட்டிக்கடையில், மளிகைக்கடையில், எதிர்வீட்டில் பேச்சுக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருகிறாரா, நோன்பு வைக்கிறாரா, வீட்டில் கல்யாணத்துக்குப் பாட்டு வைத்தாரா, சம்சாரம் முக்காட்டை எவ்வளவு இழுத்துப் போடுகிறாள், மார்க்கத் தலைமையைப் பற்றி டீ குடிக்கும்போது என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் வீட்டுக் குப்பைக் கூடையைக் கிளறுகிற வேலை. அதற்கு அமானிதம், நம்பி ஒப்படைத்த பொறுப்பு, என்று பெயர் வைத்திருந்தோம். நானும் ஒவ்வொரு தடவையும் தொழுகைக்குப் போவதுபோல் கை கால் முகம் கழுவி உளூச் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அந்த வருடம் எனக்கு வந்த பெயர் தூபா ஃபர்ஸாம்.

ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. எல்லோருக்கும் அவர் தூபா கானும், அதாவது தூபா அம்மா; நான் கதீபி ஆகா, கதீபி ஐயா. முப்பத்தொரு வருடம் எங்கள் மருத்துவமனையின் பிரசவ வார்டில் மருத்துவச்சியாக இருந்தவர். ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: தூபா கானும் வெளியே எடுக்கிறார், கதீபி ஆகா புத்தகத்துக்குள்ளே போடுகிறார். அது உண்மைதான். அவர் கையில் பிறந்த குழந்தைகளின் பெயரைத்தான் நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என் மகன் மீஸமும் அவர் கையில்தான் பிறந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வார்டை மூடிவிட்டார்கள். டாக்டர் கிடைக்கவில்லை என்றார்கள். இப்போது அந்த அறையில் உடைந்த நாற்காலிகளும் தேர்தல் பேனர்களும் கிடக்கின்றன. பிரசவம் என்றால் நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்குப் போக வேண்டும். போன குளிர்காலத்தில் கோல்தஸ்தே என்று ஒரு பெண், வயலில் குங்குமப்பூ பறிப்பவள், பக்கத்துக் கிராமத்திலிருந்து பிக்கப் வண்டியில் போனாள். உப்புச் சமவெளி வளைவுக்கு வருவதற்குள் குழந்தை பிறந்து, மூச்சுத் திணறி, இறந்துபோனது. வண்டியின் பின்னால் தூபா கானும் உடனிருந்தார். கையில் ஒரு கருவி இல்லை, ஆக்ஸிஜன் இல்லை. திரும்பி வந்த அடுத்த வாரம் மனுப் போட்டார். தெஹ்ரானுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "அந்தக் கதவைத் திறக்க வைக்கப் போறேன். திறந்ததும் திரும்பி வந்துடுவேன்" என்றாராம்.

எங்கள் வீட்டிலும் அப்போது மருமகள் மஹ்தியேவுக்கு மூன்று மாதம். ஆகவே தூபா கானும் ஜெயித்தால் எனக்கும் லாபம். மனசாரச் சொல்கிறேன், அவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் நான் அந்தத் தெருவுக்குப் போனேன்.

ரொட்டிக்கடை ஹபீப், மாவுக் கையோடு தந்தூருக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னான். அவனுக்கு நாலு குழந்தைகள், நாலும் தூபா கானும் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் காதில் பாங்கை, அந்தத் தொழுகை அழைப்பை, சொல்லும்படி அவரைத்தான் கேட்டானாம். கைராசிக்காரர், அவர் வாயால் குழந்தைக்கு முதல் சத்தம் போகட்டும் என்று. ஒரு தடவைகூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "என் மூச்சு அதுக்குத் தகுந்ததில்லேப்பா. உங்க அப்பாவைக் கூப்பிடு" என்று குழந்தையைப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அறையின் மூலையில் போய் நின்றுகொள்வாராம். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. மீஸம் பிறந்தபோது அதே வார்த்தையைச் சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. யாரும் தன்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். தொழுகை எப்படி என்று கேட்டால், "என்ன தொழுகை, குனிஞ்சு நிமிர்றேன்" என்போம். ஒரு வாசலில் நாலு பேர் சேர்ந்தால், நீங்கள் முதலில் நீங்கள் முதலில் என்று கால்மணி நேரம் ஆகும். சொன்னவுடனே முதல் ஆளாக நுழைகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்போம். அதனால் ஹபீப் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். விசாரணைத் தாளில் மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டு, கடைசியில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்ல வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும், தன் மூச்சு அதற்குத் தகுந்ததில்லை என்று பணிவோடு மறுத்து, பெரியவர்களிடம் கொடுத்துவிடுவார்.'

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவரைக் கையால் கெடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தூபா கானுமின் மனு தள்ளுபடி. காரணம்: இஸ்லாத்தின் மீதான நடைமுறைப் பற்று உறுதிப்படவில்லை. அவர் முஸ்லிம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பாருங்கள். அப்படிச் சொன்னால் சாட்சி காட்ட வேண்டும். உறுதிப்படவில்லை என்று சொல்ல எதுவும் வேண்டாம். காலையில் எழுந்து வெளியே பார்த்துவிட்டு, சூரியன் இருக்கிறதா என்பது உறுதிப்படவில்லை என்று சொல்லலாம்.

தூபா கானும் விவரம் கேட்கப் போயிருக்கிறார். உள்ளே ஒரு குமாஸ்தா வாசித்துக் காட்டினானாம். 'நம்பகமான உள்ளூர் விசாரணையின்படி, மனுதாரர் குழந்தையின் காதில் பாங்கு சொல்வதைத் தொடர்ந்து தவிர்த்து வந்திருக்கிறார். தன் மூச்சு தகுதியற்றது என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்.' என் வாக்கியம்தான். 'பணிவோடு' என்ற ஒரு சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டார்கள்.

இதை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்தஸிடம் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு அக்தஸ் என் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு என் வாக்கியம் தெரியாதா?

"நீங்க எழுதினதா?"

"புகழ்ந்துதான் எழுதினேன்."

"நல்லாப் புகழ்ந்தீங்க. ஹாஜி ஆகா ஒவ்வொரு லெட்டர்லயும் 'அற்பன் தபஸி'ன்னு கையெழுத்துப் போடறாரே, அதையும் ஒப்புதல் வாக்குமூலமா எடுத்துக்கறதுதானே? தானே ஒத்துக்கிட்டாரு, அற்பன்னு."

அவள் சொன்னது விளையாட்டில்லை. தள்ளுபடிக் கடிதத்தின் அடியிலும் அப்படித்தான் கையெழுத்து இருந்தது. ஹாஜி ஆகா தபஸிதான் எங்கள் தொகுதியின் குழுவுக்குத் தலைவர். மறுநாள் நான் அவரைப் பார்க்கப் போனேன்.

மதரஸா மாடியில் அவர் அறை. கதகதப்பாக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, கையைப் பிடித்து, தனக்கு மேலான இடத்தில் உட்காரச் சொன்னார். நான் மறுத்தேன். அவர் வற்புறுத்தினார். வழக்கம்போல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம். பிறகு அவர் ஒரு சாத்துக்குடியை எடுத்து, வெள்ளை நாரையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கி உரிக்க ஆரம்பித்தார். நான் எழுதியதற்கு அர்த்தம் வேறு என்று சொன்னேன். அது பணிவு, நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஜனங்களின் விருப்பத்துக்கு அவர் எதிரியே இல்லையாம். ஜனங்கள் விருந்தாளிகள், எந்தத் தட்டு வேண்டுமோ எடுக்கட்டும். தட்டில் கெட்டது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் தங்கள் கடமையாம். சந்தேகம் உள்ள தட்டை முன்னால் வைத்தால் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியது அவராம். பட்டியலில் மிஞ்சியிருந்த தட்டுகள் இரண்டு. ஒன்று, நகரத்துக்குப் போகும் சாலையில், முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போன பாலத்தைக் கட்டிய கான்டிராக்டர் ஸாலாரி. இன்னொன்று, ஸாலாரியின் மைத்துனன்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன், அப்படிப் பழகிவிட்டது. "ஹாஜி ஆகா, உங்க பேரனையும் அவங்கதானே எடுத்தாங்க. அப்பவும் இதே வார்த்தையைச் சொல்லித்தானே குழந்தையை உங்க கையில குடுத்தாங்க?"

அவர் உரித்த பழத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்.

"ஞாபகம் இருக்கு கதீபி ஆகா. அதனாலதான் உங்க ரிப்போர்ட் உண்மைன்னு எனக்கு உடனே தெரிஞ்சது. நானே சாட்சியாச்சே."

சொல்லிவிட்டுப் புன்னகையோடு ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். தின்றேன். நன்றி சொன்னேன். இன்றைக்கும் சாத்துக்குடி வாசனை வந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒரு வழி சொன்னார். மேல்முறையீட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்தம்மா தன் கைப்பட ஒரு பிரகடனம் கொடுக்கட்டும். தான் மார்க்கப் பற்றுள்ளவள், தன் மூச்சு தூய்மையானது, முன்பு சொன்னதெல்லாம் வெறும் வழக்கத்துக்குச் சொன்னது என்று எழுதிக் கையெழுத்திட்டால் பரிசீலிக்கலாம்.

எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். சிரமம் வைக்காமல் தூபா கானுமே மறுநாள் காலை வந்தார். குழுவிலிருந்து அவருக்கும் தகவல் போயிருக்கிறது. நல்ல கையெழுத்தில் இருந்தால் மதிப்பாக இருக்கும், நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவர் என்னைப் பார்த்த விதத்தில் ஏதோ இருந்தது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு நான் எழுதினேன், அவர் சொன்னார். தூபா ஃபர்ஸாம் ஆகிய நான் ஐவேளைத் தொழுகையைத் தவறவிட்டதில்லை. நான் நோன்பாளி. நான் இறையச்சம் உள்ளவள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தி, பாவமன்னிப்புக் கேட்கும் வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டார். 'என் மூச்சு தூய்மையானது' என்ற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவருக்கு முகமெல்லாம் சிவந்துபோனது. ஐயாயிரம் பிரசவம் பார்த்த அம்மாளுக்குத் தன்னை நல்லவள் என்று ஒரு தடவை சொல்ல நாக்கு வரவில்லை.

"எழுதிடுங்க," என்றார் கடைசியில். "கதவு திறக்கணும். நான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லே."

கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கழுவினார். அப்போதும் நான் வாயைத் திறந்து, அந்த வரி என்னுடையது என்று சொல்லவில்லை. அக்தஸ் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் இரண்டே நாளில் வந்தது. தள்ளுபடி உறுதி செய்யப்பட்டது. ஏன் என்று கேட்க நான் மறுபடி மாடி ஏறினேன். ஹாஜி ஆகா வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் இன்னும் அருவருப்பு. குழுவில் மற்றவர்கள் அந்தப் பிரகடனத்தைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்களாம். இறையச்சம் உள்ள எந்தப் பெண் தன்னை இப்படித் தானே புகழ்ந்துகொள்வாள் என்று கேட்டார்களாம். சொல்லாவிட்டால் ஈமான் உறுதியில்லை, சொன்னால் ஆணவம். அடித்த கையோடு அழக்கூடாது என்று வாயையும் பொத்துகிற ஆட்கள். நான் படியிறங்கி வந்து தெருவோரச் சாக்கடைக்குப் பக்கத்தில் துப்பினேன். யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் துப்பினேன்.

தேர்தல் நடந்த வெள்ளிக்கிழமைக்குள் மஹ்தியேவுக்கு எட்டரை மாதம் ஆகியிருந்தது. மீஸம் வேலை பார்க்கும் சுரங்கம் நானூறு கிலோமீட்டர் தள்ளி. பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே லீவு எடுத்து வந்து அவளை நகரத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம்.

எனக்கு அன்று பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி வேலை. அதையும் நான் மறுக்கவில்லை. காலையில் ஹாஜி ஆகா வந்து முதல் ஓட்டைப் போட்டார். படம் எடுத்தார்கள். ஜனங்களின் ஓட்டுத்தான் இந்த ஆட்சியின் கௌரவம், ஒவ்வொரு ஓட்டும் எதிரியின் முகத்தில் விழுகிற அறை என்று மைக்கில் சொன்னார். பிறகு வரிசை நகர்ந்தது. பெரிய வரிசை என்று சொல்ல முடியாது. அடையாளப் புத்தகத்தில் ஓட்டுப் போட்ட முத்திரை இல்லாவிட்டால் பிற்பாடு வேலைக்கோ உதவித்தொகைக்கோ போகும்போது யாராவது புரட்டிப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் வந்தவர்கள்தான் பாதிப் பேர். புரட்டிப் பார்ப்பார்களா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

எங்கள் வாக்குச்சீட்டில் பெயரை நாமே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மேசையில் இருப்பவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அந்த மேசையில் நான். பதினொரு மணி வாக்கில் கோல்தஸ்தே வந்து என் முன்னால் நின்றாள். பிக்கப் வண்டியில் குழந்தையைப் பறிகொடுத்தாளே, அவள்தான். விரலெல்லாம் குங்குமப்பூக் கறை.

"தூபா கானும்னு எழுதுங்க."

அந்தப் பெயர் பட்டியலில் இல்லை, எழுதினால் செல்லாது என்றேன்.

"ஏன் இல்லே?"

நான் என்ன சொல்வது? உறுதிப்படவில்லை என்றேன். எது உறுதிப்படவில்லை என்று கேட்டாள். அவருடைய மார்க்கப் பற்று என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"என் குழந்தை செத்தப்ப அந்த வண்டியில யாசீன் ஓதினது அவங்கதான்," என்றாள். "நீங்க யாரும் அங்க இல்லே."

எனக்குப் பின்னால் குழுவின் பார்வையாளன் நின்றுகொண்டிருந்தான். வரிசை தேங்கிக்கொண்டிருந்தது. கோல்தஸ்தே, தன் மாமியாருக்கு உதவித்தொகை வருகிறது, அதற்கு முத்திரை வேண்டும், எதையாவது எழுதி முத்திரையைக் குத்துங்கள் என்றாள். வெறும் சீட்டாக மடித்துப் போட்டிருக்கலாம். ஒரு கோடு கிழித்திருக்கலாம். பார்வையாளன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். நான் ஸாலாரி என்று எழுதினேன். அழகாக எழுதினேன். குழந்தையைப் பறிகொடுத்தவளின் ஓட்டில், அவள் குழந்தை செத்த சாலையில் பாலம் கட்டிக் கொள்ளையடித்தவனின் பெயர். அவள் அதைப் படிக்கத் தெரியாமல் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்கு அக்தஸ் போன் செய்தாள். மஹ்தியேவுக்கு நாளுக்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஊருக்கு இருப்பதே ஒன்று. அது கிராமங்களுக்குப் போன நடமாடும் ஓட்டுப்பெட்டியோடு காவலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஓட்டுப்பெட்டிக்கு என்ன நோயோ. வாடகைக் கார்களையெல்லாம் வாக்காளர்களை ஏற்றி வர எடுத்துக்கொண்டார்கள். நான் பேனாவை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டு வாசலில் தூபா கானுமின் செருப்பு கிடந்தது. ஓய்வு பெற்றவர், இப்போது பிரசவம் பார்த்தால் வழக்குக்கூடப் போடலாம். அக்தஸ் கூப்பிட்டதும் கையில் ஒரு பையோடு வந்துவிட்டார். நான் வாசலறையில் உட்கார்ந்துகொண்டேன். டிவியில் ஒவ்வொரு ஊராக ஓட்டு வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மஹ்தியே கத்தினாள். தூபா கானும் மிரட்டுகிற குரலும் கொஞ்சுகிற குரலும் மாறி மாறிக் கேட்டன. மூன்றரை மணிக்குக் குழந்தை அழுதது. நல்ல கனத்த அழுகை.

அக்தஸ் கதவைத் திறந்தாள். பேத்தி. அறையில் கண்ணேறு போக்குகிற ஸ்பந்து விதை புகைந்துகொண்டிருந்தது. மஹ்தியே வெளுத்துப்போய்ச் சிரித்தாள். தூபா கானும் துணியில் சுற்றிய குழந்தையோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். தகப்பன் ஊரில் இல்லை. பாங்கு சொல்ல வேண்டியது நான். நான் வாசலிலேயே நின்றுவிட்டதை அக்தஸ் கவனித்தாள் போலிருக்கிறது.

"நீங்களே சொல்லிடுங்க கானும்," என்றாள்.

"முப்பத்தொரு வருஷமா சொன்னதில்லே அக்தஸ்," என்றார் தூபா கானும். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க கதீபி ஆகா. பள்ளிவாசல்ல முன் வரிசை. உங்க மூச்சு சுத்தமாத்தான் இருக்கும். விசாரிச்சு எழுதறவரை யாரும் விசாரிக்கறதில்லையே."

குரலில் கோபம் இல்லை. பிரசவத்துக்குச் சுடுதண்ணீர் கேட்பதுபோல் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ரொட்டிக்கடை ஹபீப் தள்ளுபடின்னு தெரிஞ்ச அன்னைக்கே அழுதுட்டே வந்து சொன்னான். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். அந்தப் பிரகடனத்தை எழுதறப்பவாவது சொல்வீங்கன்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

மஹ்தியே ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். தூபா கானும் குழந்தையை என் கையில் வைத்தார். ரொட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. நான் அதன் வலது காதுக்கு அருகில் குனிந்தேன். சின்னஞ்சிறிய காது, இன்னும் ஒரு பொய்யும் கேட்காதது. 'அல்லாஹு' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அந்த வாயால் சாத்துக்குடி தின்று நன்றி சொன்னேன். அந்த வாயால்தான் அன்று காலை கோல்தஸ்தேயிடம் 'உறுதிப்படவில்லை' என்றேன்.

"நான் இதுக்குத் தகுதியில்லாதவன் கானும்," என்றேன்.

வாழ்நாளெல்லாம் ஆயிரம் வாசல்களில், ஆயிரம் விருந்துகளில் சொன்ன வார்த்தை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் மரியாதை எதுவும் இல்லை.

தூபா கானும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

நான் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன். அவர் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திரும்பி அதன் காதருகே தானே குனிந்தார். அக்தஸ் வாசலறைக்குப் போய் டிவியை அணைத்தாள்.